எதிராளியை வலம் வந்தவன்

குத்துச்சண்டை என்பது ஒருத்தன் அடி வாங்க, ஊரே அவனுக்குப் புத்தி சொல்லும் தொழில். பல வருஷமாக ஒரே ஆளிடம் தலையைக் கொடுத்து முடி வெட்டிக்கொள்பவர்களுக்கும், ஒரே டெய்லர் தைத்த சட்டை தோளில் பிடித்தாலும் வாயைத் திறக்காமல் போட்டுக்கொள்பவர்களுக்கும் என் கஷ்டம் சொல்லாமலே புரியும். மீசையில் நரை எட்டிப் பார்க்கும் வயதில் நான் கோச்சை மாற்றலாமா என்று யோசித்தேன். அந்த வயதில் எங்கள் தொழிலில் மிச்சமிருப்பது ஒரு சண்டை, மிஞ்சிப்போனால் இரண்டு. வேலூர் தினகரனை ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டுக் கையுறையைக் கழற்ற வேண்டும் என்பது என் ஆசை. அந்த ஆசைக்கும் எங்கள் ஏகாம்பரம் அண்ணனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாடுதான் இது.

சித்தர்கள் நடக்கும் பக்கம்

ஏகாண்ணன் என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். அவரும் சண்டை போட்டவர்தான். மூக்கு உடைந்த பிறகு, வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, வைத்திருந்த ஒரு பழைய கிடங்கை வாடகைக்குப் பிடித்து எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். கிடங்கில் ரிங் கிடையாது. தரையில் சாக்பீஸால் போட்ட சதுரம்தான். குத்துகிற சாக்குக்குள் மல்லாட்டைத் தோலை அடைத்து வைத்திருப்பார். ஓங்கிக் குத்தினால் தையல் வழியாக மெல்லிய தூள் பறக்கும். ஜன்னல் வெயிலில் அது மிதப்பதைப் பார்த்துக்கொண்டே நின்று அவரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அவருடைய பயிற்சியில் பாதி, கிரிவலப் பாதையில் மலையைச் சுற்றி ஓடுவது. விடியும் நேரத்தில் அடி அண்ணாமலையில் என் வீட்டு வாசலில் கிளம்பி, முழுச் சுற்றும் ஓடி, மறுபடி வாசலுக்கே வந்து சேர வேண்டும். மலை எப்போதும் வலது கைப்பக்கம். ரோட்டில் இடது ஓரமாகத்தான் ஓட வேண்டும். மலையை ஒட்டிய ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத சித்தர்கள் நடக்கிறார்கள் என்பது ஊர் நம்பிக்கை. எதிர்ப்பக்கமாகச் சுற்றும் பேச்சே கிடையாது. பஸ்ஸில் போனால் மட்டும் அது கணக்கில் வராது.

மலை உச்சியில் மேகம் படுத்திருந்த ஒரு காலையில், தூக்கமும் விழிப்புமாக ஓடிக்கொண்டே மலையைப் பார்த்து நாலு குத்து விட்டேன். முன்னால் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்துப் பதறிப்போனார். "தம்பி, அந்தப் பக்கம் குத்தாதப்பா. அவங்கல்லாம் நடந்துனு இருப்பாங்க, யாரு மேலயாச்சும் படப்போவுது."

தானாகப் போய் விழுந்தது

தினகரனிடம் நான் தோற்றது இரண்டு தடவை. இரண்டு தடவையும் ஒரே குத்து, அவனுடைய வலது கைக் குத்து. அது வந்ததை நான் பார்க்கவே இல்லை. விழுந்ததும் வலி தெரியவில்லை என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கூட்டத்தின் சத்தம் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் மங்கியது. மேலே எரிந்த விளக்குகள் ஒன்றாகச் சேர்ந்து கார்த்திகை தீபம் மாதிரி நின்றன. நான் பாட்டுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சுகமாகப் படுத்திருந்தேன். நடுவர் என் முகத்துக்கு நேராக விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார். யாரையோ எண்ணுகிறார், நமக்கென்ன என்றிருந்தது.

சண்டை முடிந்து உடை மாற்றும் இடத்தில் தினகரன் ஐஸ் பை கொண்டுவந்து கொடுத்தான். நல்ல பையன். நான் எப்படி விழுந்தேன் என்று அவனிடமே கேட்டேன். அவன் சங்கடமாக நெளிந்தான். "நான் ஒண்ணுமே பண்லண்ணே. கைய நீட்டுனேன், நீங்களே வந்துட்டீங்க."

மேடம் பார்த்த ஒரு ரவுண்டு

மாவட்ட விளையாட்டு மைதானத்துக்கு ஒரு புது கோச் வந்திருந்தார். ஷர்மிளா, சென்னைக்காரப் பெண், என் கடைசித் தங்கை வயது. நான் மேடம் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். இதில் யார் யாருக்கு மரியாதை கொடுக்கிறோம் என்பது இரண்டு பேருக்கும் குழப்பம். நிஜ ரிங்கில் நின்று பழகலாமே என்றுதான் நான் அங்கே போனேன். ஒரே ஒரு ரவுண்டு பார்த்தார். கயிற்றில் கையை ஊன்றிக்கொண்டு, "ஏன் எப்பவும் இடது பக்கமே நகர்றீங்க?" என்று கேட்டார்.

நான் அப்படி நகர்வதே எனக்குத் தெரியாது. எதிரே நிற்பவனின் வலது கை, நமக்கு இடது பக்கத்தில் இருக்கிறது. இடது பக்கமே நகர்ந்தால் அந்தக் கைக்குள்தான் போய்ச் சேருவோம். இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரிந்த பாடம். தினமும் எப்படி ஓடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். என்னைத் தரையில் நிற்க வைத்து, "இதான் மலை" என்று ஒரு நாற்காலியை நடுவில் போட்டார். மலையை வலது பக்கம் வைத்து நடந்து, அப்படியே அதன் பக்கம் முகத்தைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். கால் தானாக இடது பக்கம் போய்க்கொண்டிருந்தது.

மேடம் சிரிக்கவில்லை. கோயிலில் பேசுவது மாதிரி மெதுவாகத்தான் சொன்னார். "எதிர்ல நிக்கிறவன சாமின்னு நெனச்சு உங்க காலு வலம் வந்துட்டிருக்குண்ணா. கொஞ்ச நாள் மலைய எதிர்ப்பக்கமா சுத்துங்க."

யோசனை சொன்னவர்கள்

எதிர்ப்பக்கமாகச் சுற்று என்று ஏகாண்ணன் என்றைக்கும் சொல்ல மாட்டார். அப்படியானால் கோச்சை மாற்ற வேண்டும். இதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. மற்ற எல்லாரிடமும் கேட்டேன். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆட்டோ ஓட்டும் என் சிநேகிதன், இரண்டு வாய் டீ குடிக்கும்வரை யோசித்தான். "கோச்ச மாத்துறது ரொம்ப ரோதனைபா. பேசாம அந்த வேலூர்க்காரன மாத்தித் தரச் சொல்லேன்."

கடைசியாக என் மனைவி செல்வியிடம் வந்தேன். கிரிவலப் பாதையில் அவள் இளநீர்க் கடை வைத்திருக்கிறாள். எங்கள் கல்யாணத்துக்குப் பெண் கேட்டுப் போனதே ஏகாண்ணன்தான். குத்து வாங்கும் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க அவள் அப்பா தயங்கியபோது, பையன் கண்ணுக்கு நான் பொறுப்பு என்று சொன்ன மனுஷன். அவள் இளநீர் சீவுவதை நிறுத்தவில்லை. "யார்கிட்ட வேணா கத்துக்கோங்க. பொங்கலுக்கு அண்ணனுக்கு வேட்டி எடுக்கறத மட்டும் நான் நிறுத்த மாட்டேன்."

எதிரே வந்த முகங்கள்

ஒரு விடியலில் வாசலில் நின்று, சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, எதிர்ப்பக்கமாக ஓட ஆரம்பித்தேன். மலை இடது பக்கம் வந்துவிட்டது. வேறு ஏதோ மலை மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்த பாறைகள் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. ரோட்டில் வழக்கம்போல் இடது ஓரமாகவே ஓடினேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அது மலையை ஒட்டிய ஓரம் என்பது உறைத்தது. பனி அடர்த்தியாக இருந்தது. ஒவ்வொரு தடவை தோளில் ஈரக் காற்று உரசும்போதும் மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

இத்தனை வருஷமாக இந்தப் பாதையில் நான் பார்த்ததெல்லாம் முதுகுகள்தான். அன்றைக்குத்தான் முகங்களைப் பார்த்தேன். பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன. சிலது மந்திரம் முணுமுணுத்தது, சிலது அழுதது, ஒன்று இட்லி தின்றுகொண்டு வந்தது. எதையோ தொலைத்துவிட்டுத் தேடி ஓடுகிறேன் என்று நினைத்து எல்லாரும் எனக்கு வழிவிட்டார்கள். எனக்கு அது கனவு மாதிரி இருந்தது. விழிக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

பாதையில் வரும் எட்டு லிங்கங்களில் ஒன்றான நிருதி லிங்கத்துக்குக் கிட்டே பனியிலிருந்து வந்த அடுத்த முகம் ஏகாண்ணனுடையது. டவுனிலிருந்து கிளம்பி அவரும் தினம் சுற்றுவார், அது எனக்குத் தெரியும். எதிரே வருவார் என்பது மட்டும் அன்றுவரை தோன்றவே இல்லை. அவர் மனுஷர்கள் நடக்கும் பக்கம் நின்றார். நான் சித்தர்கள் நடக்கும் பக்கம் நின்றேன். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்த முகம் சுருங்கியதைப் பார்த்ததற்கு, தினகரனின் வலது கையை இன்னும் பத்துத் தடவை வாங்கியிருக்கலாம். என்னைத் தாண்டி நடந்துகொண்டே சொன்னார். "தாடையத் தூக்கினு ஓடுற பாரு. எறக்குடா."

பக்கெட்

அதற்குப் பிறகு நான் மேடமிடமே பழகினேன், கிடங்குப் பக்கம் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை. தினகரனோடு மூன்றாவது சண்டை நடக்கும் நாளன்று மேடமும் நானும் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, கூட்டத்துக்குள் ஒரு பச்சை பக்கெட் வந்தது. அதைத் தொடர்ந்து ஏகாண்ணன் வந்தார். என் முதல் சண்டையிலிருந்து எனக்குத் தண்ணீர் வந்த பக்கெட் அது. கைப்பிடி உடைந்து கயிறு கட்டியிருந்தது. மேடம் சட்டென்று நகர்ந்து அவரிடம், ரிங் மூலையில் நீங்களே நின்று சொல்லுங்கள், நான் கீழே இருக்கிறேன் என்றார். அண்ணன் தலையாட்டி மறுத்துவிட்டு, பஸ்ஸில் ஏறி, பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். "சொல்றத நீங்க சொல்லுங்க மேடம். தண்ணி நான் குடுக்கறேன். இவன் அவசரத்துல குடிச்சா பொரையேறும், எவ்ளோ குடுக்கணும்னு எனக்குத்தான் தெரியும்."

மூன்றாவது ரவுண்டு

முதல் இரண்டு ரவுண்டும் நான் வலது பக்கம் நகர்ந்தேன். தினகரனின் வலது கை காற்றைக் குத்திவிட்டுத் திரும்பியது. அவன் குழம்பிப்போனான். மூன்றாவதில் எனக்கு மூச்சு வாங்கியது. உடம்பு களைத்தால் கால் பழைய வீட்டுக்குத்தான் போகும். மெதுவாக, சொகுசாக, நான் மறுபடி இடது பக்கம் போய்க்கொண்டிருந்தேன். விளக்குகள் ஒன்றாகச் சேர ஆரம்பித்தன. "வலது! வலது!" என்று மேடம் கத்துவது எங்கோ தூரத்தில் கேட்டது, காதுக்குள் இறங்கவில்லை.

அப்போது இன்னொரு குரல் வந்தது. இருட்டில், மழையில், காய்ச்சலில் என்னை ஓட வைத்த குரல். வாழ்நாளில் அந்த மலையை ஒருமுறைகூட எதிர்ப்பக்கம் சுற்றாத மனுஷன், பக்கெட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஹால் அதிரக் கத்தினார். "மலைய இடது பக்கம் போட்றா! மலை இடது பக்கம்!"

கால் திரும்பிவிட்டது. அந்தக் கை என் காதை உரசிக்கொண்டு போனது. நான் உள்ளே புகுந்து கொடுத்தது மணி அடிக்கும்வரை நிற்கவில்லை. நடுவர் என் கையைத் தூக்கியபோது நான் மூலையைத்தான் பார்த்தேன். மேடம் குதித்துக்கொண்டிருந்தார். அண்ணன் குனிந்து, சிந்தாத தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். தினகரன் வந்து என்னைக் கட்டிக்கொண்டான். "இன்னாண்ணே, எங்க போயிட்டீங்க? வழக்கமா வர்ற எடத்துல கைய வச்சினு காத்துனே இருந்தேன்."

மறுநாள்

மறுநாள் விடியலில் மூன்று பேரும் மலையைச் சுற்றினோம். மலையை வலது பக்கம் வைத்து, இடது ஓரமாக, எல்லாரும் நடப்பதுபோலவே. மேகம் பாதி மலையை மறைத்திருந்தது. தாடையை இறக்கச் சொல்லி ஒருத்தர், கையை ஏற்றச் சொல்லி ஒருத்தர். நிருதி லிங்கம் வந்ததும் அண்ணன் மட்டும் மலையின் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, யாரிடமோ சமாதானம் சொன்னார். "பையன் அன்னிக்கி உங்க பக்கமா ஓடிட்டான், மனசுல வச்சுக்காதீங்க. சொல்லிக் குடுத்தது நான்தான், ஆனா இத நான் சொல்லிக் குடுக்கல."

கடைசிக் காலத்தில் கோச்சை மாற்றிப் பார்த்ததில் நான் கண்ட பலன், திட்டுவதற்கு ஒருத்தர் இருந்த இடத்தில் இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதுதான்.