மூடியில் இல்லாத துளை

அவரை எல்லோரும் ‘ரெண்டாம் கியர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். நடை, பேச்சு, சாப்பாடு எல்லாவற்றிலும் ஒரே நிதானம். “உங்க அப்பாவுக்கு டாப் கியரை மாட்டாமலே அனுப்பி வச்சுட்டாங்கடி” என்று அவர் மனைவி மகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக.

இருபத்திரண்டு வருடமாக ஒரே முதலாளி, ஒரே டிராக்டர். வண்டியே பழையதாக வாங்கியதுதான். அதோடு சேர்ந்து வந்த உதிரி பாகத்தைப் போலத்தான் முதலாளி அவரை வைத்திருந்தார். தேயும்வரை ஓட்டலாம், தேய்ந்தால் மாற்றலாம். ஆனால் அந்த இஞ்சினை அவர் அறிந்த அளவுக்கு யாரும் அறிந்ததில்லை. ஈரக் களிமண்ணில் ஆழமாக உழுதால் டீசல் கூடுதலாகப் போகும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த வருடம் அப்படித்தான் போனது.

“டீசலை வண்டி குடிக்குதா, நீ குடிக்கிறியா?” என்றார் முதலாளி.

“மண்ணு ஈரக் களியா கிடக்குங்க. டீசலைப் பீச்சுற நாஸிலும் தேஞ்சிருக்கு. ஒரு தடவை பாத்துட்டா…”

முதலாளி நாஸிலைப் பார்க்கவில்லை. வெல்டரிடம் போய் டீசல் டேங்குக்குப் பூட்டு வைத்த இரும்பு மூடி செய்தார். “ஒரு சொட்டு வெளிய வரக் கூடாது” என்று சொன்னார். பழைய மூடியின் உச்சியில் ஊசிமுனை அளவில் ஒரு துளை உண்டு. டீசல் இறங்க இறங்க அது வழியாகக் காற்று உள்ளே போகும்; போகாவிட்டால் டீசல் இறங்காது. வெல்டருக்கு அது தெரியாது. புது மூடி துளை இல்லாமல் வந்தது. சாவி முதலாளியின் சட்டைப் பைக்குப் போனது.

மறுநாளிலிருந்து வண்டி படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் உழும். பிறகு மூச்சு வாங்கும், திணறும், நின்றுவிடும். ரெண்டாம் கியர் ஃபில்டரை மாற்றினார். கைப்பம்பை அடித்து அடித்துத் தோள் வீங்கியது. அசையவில்லை. போன் செய்தால் முதலாளி பைக்கில் வருவார். வந்ததும் முதல் வேலை, பூட்டைத் திறந்து குச்சியை விட்டு டீசல் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு, “ம், இப்போ அடி” என்பார். உடனே இஞ்சின் பற்றிக்கொள்ளும்.

“நான் வந்தா மட்டும் எப்படிடா ஓடுது? என்னைப் பாத்தா வண்டிக்குப் பயமா? இல்ல, பூட்டை எடுக்க வைக்க நீ நிறுத்துறியா?”

நான்கு நாள் இதே நாடகம். திருட்டைக் கண்டுபிடிக்க முதலாளி மூடியைத் திறந்ததால்தான் வண்டி ஓடியது. வண்டி ஓடியதே திருட்டுக்குச் சாட்சியாகவும் ஆனது.

ஐந்தாம் நாள் மெக்கானிக் ஷெட். அந்த மெக்கானிக்குக்குக் கெட்டிக்காரர் என்று பெயர். முப்பது வருடப் பழக்கம் ஒன்று அவருக்கு உண்டு. எந்த வண்டி வந்தாலும் முதலில் டேங்க் மூடியைக் கழற்றி, டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதா என்று மோந்து பார்ப்பார். மூடியை மட்கார்டு மேல் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. அன்றும் முதலாளி சாவியைக் கொடுத்தார். மூடி மட்கார்டுக்குப் போனது. இஞ்சின் இரண்டு மணி நேரம் பிசகாமல் ஓடியது.

“இஞ்சின் கல்லு மாதிரி இருக்கு” என்றார் மெக்கானிக். “மேல உக்கார்ற ஆளைத்தான் சர்வீஸ் பண்ணணும்.”

ஷெட்டே சிரித்தது. ரெண்டாம் கியர் மட்டும் மட்கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அந்த மூடியைப் பூட்டிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்களேன். காத்து போக வழியில்லை. பூட்டு இல்லாத பழைய மூடியைப் போட்டா ஓடும்.”

“பாத்தீங்களா!” என்று முதலாளி தொடையில் தட்டினார். “சுத்திச் சுத்தி எங்க வந்து நிக்கிறான் பாத்தீங்களா? பூட்டை எடுக்கணுமாம்!”

மெக்கானிக்கும் சேர்ந்து சிரித்தார். அன்றோடு வேலை போயிற்று.

அவர் கேட்டது இரக்கம் இல்லை. ஒரு சோதனை. ஒரே ஒரு மணி நேரம். மூடியைப் போடு, ஓட்டு, பார். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற நியாயம். ஆனால் இரும்புக்குக் கொடுக்கிற அந்த ஒரு மணி நேரத்தைக் கூலிக்காரன் சொல்லுக்குக் கொடுக்க அங்கே ஒருவருக்கும் மனம் இல்லை. திருடன் கேட்கக்கூடியதையே அவர் கேட்டார், ஆகவே அவர் திருடன். முதலாளிகளின் தர்க்கம் இப்படித்தான் வட்டமாக ஓடும். அதற்கு டீசல் தேவையில்லை.

டீசல் திருடுகிறவனுக்கு எவன் ஸ்டியரிங் கொடுப்பான்? அவர் செங்கல் சூளைக்குச் சுமக்கப் போனார். 

புது டிரைவர் கையிலும் வண்டி நின்றது. மெக்கானிக்கை வயலுக்கே வரச் சொன்னார்கள். அன்று முதலாளி வெளியூர், சாவி அவரோடு. மூடி போட்ட நிலையில் மெக்கானிக் அந்த இஞ்சினைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. டேங்குக்கு அடியில் குழாயைக் கழற்றினார். டேங்க் நிறைய டீசல் இருந்தும் கால் டம்ளர் வழிந்து நின்றுவிட்டது. குழாயை அப்படியே விட்டுவிட்டு வெகுநேரம் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதன்மேல் ஒரு ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்தார். ‘ஸ்ஸ்’ என்று மூடி காற்றை இழுத்தது. கீழே டீசல் கொட்ட ஆரம்பித்தது. உழுத மண்ணிலேயே மெக்கானிக் உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி திரும்பியதும் போய்ச் சொன்னார். “தப்பு என் மேலயும்தாங்க. அந்த ஆளைக் கூப்பிட்டுக்குங்க.”

“வண்டி ஏன் நின்னுச்சுன்னுதானே ஓட்டை சொல்லுது? அவன் எடுக்கலைன்னு சொல்லுதா? அதோட புது ஆளு கொடுத்த கூலியை வாங்கிக்கிறான்.”

மெக்கானிக் சூளைக்குப் போனார். தலைச்சுமையோடு வந்த ரெண்டாம் கியர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் செங்கல்லை மெல்ல இறக்கி வைத்தார்.

“அன்னிக்கு ஷெட்ல எத்தனை பேருண்ணே இருந்தாங்க?”

“ஏழெட்டு பேர் இருக்கும்.”

“அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

மெக்கானிக் கீழே பார்த்தார். மூடியில் துளை இல்லாததைக் கவனிக்காதவன் என்று தெரிந்தால் அவரிடம் யார் இஞ்சினைக் கொண்டு வருவார்கள்? “சொல்றேன்பா” என்றார்.

“சொல்லுங்கண்ணே. பொண்ணுக்காகத்தான் கேக்கறேன்” என்றுவிட்டு அவர் சுமையைத் தூக்கிக்கொண்டார்.

மெக்கானிக் இரண்டு பேரிடம் சொன்னார். ஒருவர், “அட, அது பழைய கதை, விடுங்க” என்றார். இன்னொருவர் சிரித்தார். மற்றவர்களிடம் அவர் சொல்லவில்லை.

டிராக்டர் நன்றாக ஓடுகிறது. முதலாளி ஆணி ஓட்டைக்கு மேல் மழைத்தண்ணீர் படாமல் ஒரு தகரம் வைத்திருக்கிறார். ‘ரெண்டாம் கியர்’ என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. ‘டீசல்’ என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மகளுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். டீசல் பொண்ணு.