ஒருத்திக்கு எதற்கு ஆறு பேர் மேஜை

சேலம் அஸ்தம்பட்டியில், சரிதா வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபுக்கு எதிரே ஒரு மெஸ் இருந்தது. அதை நடத்தியவர் மூடிவிட்டு மகளோடு ஓசூருக்குக் கிளம்பினார். அண்டாக்களையும் கிரைண்டரையும் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். சாப்பாட்டு மேஜை ஒன்றை மட்டும் எவரும் தொடவில்லை. காப்பி நிற பெயிண்ட் தடியாக அப்பியிருந்தது. மேலே ஒட்டியிருந்த சன்மைக்கா ஓரங்களில் பெயர்ந்து நின்றது. ஒரு கால் ஆடியது. பல வருடத்துச் சாம்பார் வாசம் வேறு.

"இது தேக்குங்களா?" என்று சரிதா கேட்டாள்.

"தேக்கா இருந்தா நான் உட்டுட்டுப் போவனுங்களா? ஏதோ நாட்டு மரம். குடுக்கறதைக் குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் மெஸ்காரர்.

குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனாள். வண்டிக்காரரும், லேபில் கூட வேலை பார்க்கும் அபிநயாவும், சரிதாவும் சேர்ந்து மாடிப்படியில் அதைத் தூக்கினார்கள். கீழ் வீட்டில் இருக்கும் வீட்டு உரிமையாளர் சந்திரசேகர் கதவைத் திறந்து பார்த்தார்.

"ஏம்மா, நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க. ஆறு பேர் உட்கார்ற டேபிள் எதுக்கு?"

"சின்னதா கெடைக்கலைங்க சார்" என்றாள் சரிதா. அப்போது அவளிடம் இருந்த பதில் அவ்வளவுதான்.

சரிதாவுக்கு முப்பத்து நான்கு வயது. இளம்பிள்ளைப் பக்கம் பிறந்தவள். வீட்டில் தறி ஓடும். அண்ணன் மணிமாறன் சேலை வியாபாரம் செய்கிறான். லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்ததும் அவளை நாமக்கல்லில் கட்டிக்கொடுத்தார்கள். கணவன் ஆனந்தகுமாருக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. நல்ல வேலைக்காரன், குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். திருமணமாகிச் சில வருடங்கள் கழித்து, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், பக்கத்தில் ஒரு லேபில் வேலைக்குச் சேரப்போவதாகச் சரிதா சொன்னாள். வேண்டாம் என்றான். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலத்திலிருந்து அவன் அவளிடம் பேசவில்லை.

முதலில் கோபம் என்று நினைத்தாள். வாரங்கள் மாதங்களாயின. சாப்பாடு போட்டால் சாப்பிடுவான். போதும் என்றால் தட்டுக்கு மேல் கையை நீட்டுவான். ஏதாவது வேண்டுமென்றால் அவன் அம்மாவிடம் சொல்வான், அவன் அம்மா அவளிடம் சொல்வாள். காய்ச்சலில் அவள் படுத்துக் கிடந்தபோதும் மாத்திரையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனானே தவிர, எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. இப்படி ஒன்றரை வருடம். தன் அம்மாவிடம் சொல்லி அழுதபோது, "அடிக்கலை, ஒதைக்கலை. பேசலைன்னா அது ஒரு கொறையா சாமி? தானா செரியாப் போயிரும்" என்றாள் பெருமாயி.

அது சரியாகப் போகவில்லை. சரிதா சேலத்தில் வேலை தேடிக்கொண்டு, ஒரு பெட்டியோடு மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சொந்தக்காரர்களிடம் மணிமாறன், தங்கை சேலத்தில் ட்ரெய்னிங் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்தான். ஒரு பாய், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு பெட்டி. வீட்டில் அவை மட்டுமே இருந்தவரைக்கும், தங்கை திரும்பிப் போய்விடுவாள் என்று அவனுக்கு நம்பிக்கை இருந்தது. எந்த நாளும் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் இல்லையா.

மேஜை வந்த வாரமே அவன் அரிசி மூட்டையோடு வந்தான். கூடத்தை அடைத்துக்கொண்டு நின்ற மேஜையைப் பார்த்ததும் மூட்டையை இறக்கிவைக்கக்கூட மறந்து நின்றான்.

"இது என்னது?"

"சாப்புடற டேபிளுங்கண்ணா."

"அது தெரியுது. அப்ப நீ இங்கயே இருந்துக்கறதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

மேஜை வாங்கியபோது அவள் அப்படியெல்லாம் நினைக்கவில்லை. தரையில் தட்டை வைத்துத் தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை, அதற்காகத்தான் வாங்கினாள். ஆனால் அண்ணன் கேட்டதும், தான் எந்த முடிவுக்கு வந்திருக்கிறோம் என்பது அவளுக்கே தெளிவாகத் தெரிந்தது.

"ஆமாங்கண்ணா" என்றாள்.

மணிமாறன் மூட்டையைத் தொப்பென்று போட்டான். "ஞாயித்துக்கெழமை அவுங்க ஊட்டு ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வாரேன். பேசி முடிச்சு உன்னைக் கையோட அனுப்பி வெச்சாத்தான் எனக்கு நிம்மதி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

அந்த வாரம் முழுக்க வேலை விட்டு வந்ததும் சரிதா மேஜையோடு மல்லுக்கு நின்றாள். இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி, ஈரத்துணி போட்டுத் தேய்த்தால் சன்மைக்காவின் பசை இளகும் என்று அபிநயா போனில் வீடியோ பார்த்துச் சொன்னாள். இளகத்தான் செய்தது, ஆனால் கையகலம் கையகலமாக. பட்டி பார்க்கும் தகட்டை அடியில் கொடுத்து நெம்பி நெம்பி எடுத்தாள். காலில் இருந்த பெயிண்டுக்கு ரிமூவர் தடவினாள். லேபிலிருந்து கொண்டுவந்த கையுறை அது பட்டதும் சுருங்கி ஒட்டிக்கொண்டது, கை எரிந்தது. பாத்திரம் தேய்க்கும் தடித்த ரப்பர் உறையைப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். தோல் உரிகிற மாதிரி பெயிண்ட் சுருண்டு வந்தபோது, இவ்வளவு நாளும் யாரையாவது இப்படிச் சுரண்ட வேண்டும் என்று இருந்ததோ என்னவோ, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அபிநயாவை வரச்சொல்லி, இரண்டு பேருமாக மேஜையை வீட்டுக்கு முன்னால் இருந்த மொட்டைமாடிக்கு நகர்த்தினார்கள். அபிநயா போனதும் சரிதா துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினாள். பெயிண்டுக்கு அடியில் இளஞ்சிவப்பாக மரம் வந்தது. தேய்க்கத் தேய்க்கக் கிளம்பிய தூள் துணியையும் தாண்டி உதட்டில் படிந்தது. நாக்கால் தொட்டுப் பார்த்தாள். கசந்தது. வேப்பமரம்.

அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முன்னால் மணிமாறன், பின்னால் அம்மா பெருமாயி, அவளுக்குப் பின்னால் ஆனந்தகுமாரின் பெரியப்பா கண்ணுசாமி. கடைசியாக ஆனந்தகுமார். அவன் மாடிக்கு வந்தும் வராமலும் படி முடிகிற இடத்திலேயே போனைப் பார்த்தபடி நின்றுகொண்டான்.

சரிதா எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். உட்காரச் சொல்ல வீட்டில் நாற்காலி இல்லை. கண்ணுசாமி பெரிய உடம்புக்காரர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த பெயிண்ட் வாளியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். சொம்பை வாங்கி வைத்துவிட்டு சரிதா மறுபடி உப்புத்தாளைக் கையில் எடுத்தாள்.

"அதைக் கீழ வெய்யி" என்றான் மணிமாறன். "பெரியவங்க வந்திருக்கறாங்க."

"பேசுங்கண்ணா. காது கேக்குது. மழ வர்றதுக்குள்ள இதை முடிக்கோணும்."

கண்ணுசாமி தொண்டையைச் செருமினார். "அம்மிணி, உம்மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஊட்டுக்கு ஒரே மருமக. வேலைக்குப் போறதுன்னா போ, அதையும் பேசிக்கலாம். இப்படித் தனியா இருந்தா நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க." சொல்லிக்கொண்டே உதட்டைத் துடைத்தார். "என்ன இது, வாயெல்லாம் கசக்குது?"

"வேப்பமரத் தூளுங்க மாமா. காத்து அந்தப் பக்கம் அடிக்குது. இப்படித் தள்ளி உக்காருங்க."

அவர் வாளியோடு நகர்ந்து உட்கார்ந்தார். மணிமாறன் அரைமணி நேரம் பேசினான். அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார், சொந்தத்தில் பெண் எடுக்க இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், எல்லாம் வந்தது. சரிதா மறுத்தும் பேசவில்லை, தேய்ப்பதை நிறுத்தவும் இல்லை. அந்தக் கரகரச் சத்தம் மணிமாறனின் குரலை மேலே மேலே ஏற்றியது. கீழே சந்திரசேகர் வீட்டு ஜன்னல் திறந்தது.

அப்போதுதான் ஆனந்தகுமார் வாயைத் திறந்தான். போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "மொதல்ல இந்த டேபிளை வித்துப்போடச் சொல்லுங்க மச்சான். மத்ததைப் பொறவு பேசிக்கலாம்" என்றான்.

சரிதாவின் கை நின்றது. மூக்கில் கட்டியிருந்த துணியை இறக்கினாள்.

"நான் இங்கதான நிக்கறேன்? அவரை எங்கிட்ட நேராச் சொல்லச் சொல்லுங்கண்ணா."

எல்லோரும் ஆனந்தகுமாரைப் பார்த்தார்கள். அவன் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தான்.

"சொல்லு தம்பி" என்றார் கண்ணுசாமி. "அந்தப் புள்ளகிட்டயே சொல்லிப்போடு. வா ஊட்டுக்குன்னு ஒரு வார்த்தை கூப்புடு. அதுக்குத்தான வந்திருக்கறோம்."

அவன் கூப்பிடவில்லை. திட்டவும் இல்லை. மூன்றடி தூரத்தில் நின்ற மனைவியைத் தாண்டி, எதிரே தெரிந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தான். சரிதா காத்திருந்தாள். கண்ணுசாமி வாளியில் நெளிந்தார். "டேய்" என்று ஒரு தரம் அதட்டினார். அதற்கும் பதில் இல்லை.

பெருமாயி மருமகனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "ஒன்றரை வருசமும் இப்படித்தானா?" என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. சரிதாதான் தலையாட்டினாள்.

ஆனந்தகுமார் திரும்பிப் படியிறங்கிப் போனான். கீழே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கண்ணுசாமி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "அடுத்த வாரம் பேசிக்கலாமுங்க" என்று பொதுவாகச் சொன்னார். அதன் பிறகு அவர் எந்த வாரமும் வரவில்லை.

மணிமாறன் மட்டும் அசையவில்லை. "அவன் பேசலைங்கறதுக்காகக் குடும்பத்தையே உட்டுட்டு வந்துருவியா?"

"ஆமாங்கண்ணா."

"இனி எனக்கு ஒரு தங்கச்சி இருக்கறான்னு நான் நெனைக்க மாட்டேன்."

"நெனைக்கறப்ப வாங்க. ஊடு இங்கதான் இருக்கும்" என்றாள். அவர்கள் போன பிறகு உப்புத்தாளை எடுத்து, கை வலிக்க வலிக்க, வெயில் இறங்கும்வரை தேய்த்தாள்.

மறுநாள் சந்திரசேகர் படியில் மறித்துக்கொண்டார். பெயிண்ட் ரிமூவர் நாற்றம், தேய்க்கிற சத்தம், இப்போது பஞ்சாயத்து வேறு. குடும்பப் பிரச்சினை இருக்கிறவர்களுக்கு வீடு கொடுத்து வழக்கமில்லை, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

"சத்தம் போட்டது வந்தவங்க சார், நானில்லை. இனிமேப் பகல்ல மட்டும் தேய்க்கறேன். ஆனா அக்ரிமெண்ட் முடியற வரைக்கும் காலி பண்ண மாட்டேனுங்க" என்றாள். அவர் ஏதோ முணுமுணுத்தார். அவள் வழிவிடச் சொல்லி மேலே போனாள்.

மேஜை அதோடு அடங்கிவிடவில்லை. விரிசலில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தாள். ஆடிய காலுக்கு இரும்புப் பட்டை வைத்து ஸ்க்ரூ முடுக்கினாள். ஆசையோடு பாலிஷ் அடித்தாள், அதுவும் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில். காலையில் பார்த்தால் பலகை முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெளுத்துக் கிடந்தது. அண்ணன் பேசியபோது வராத அழுகை அப்போது வந்தது. அழுதபடியே பெயிண்ட் கடைக்குப் போனாள்.

"ஈரக்காத்துல அடிச்சா அப்படித்தானுங்க ஆகும்" என்றார் கடைக்காரர். "யாராச்சும் ஆசாரியைக் கூப்பிட்டுக் குடுத்துருங்களேன்."

"இல்லீங்க. வழியை மட்டும் சொல்லுங்க. நானே பண்ணிக்கறேன்."

தேய்த்து எடுத்துவிட்டு, நல்ல வெயில் நாளில், துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசச் சொன்னார். எல்லாவற்றையும் முதலிலிருந்து தேய்த்தாள்.

வெயில் வந்த நாளில் பெருமாயியும் வந்தாள். தனியாக, இளம்பிள்ளையிலிருந்து பஸ் ஏறி. பையில் முருங்கைக்காயும், தறி வீட்டில் மிஞ்சிய பருத்தித் துணிகளும் இருந்தன. சரிதா போனில் பாலிஷ் கதையைச் சொல்லியிருந்ததால், பூசுவதற்கென்று கொண்டுவந்திருந்தாள்.

"அண்ணனுக்குத் தெரியுமாங்கம்மா?"

"தெரியாது. தெரிஞ்சா என்ன, பேச மாட்டான். பேசாம இருக்கறவங்களைத்தான் பாத்தாச்சே" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு துணியை மடித்தாள்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையிலிருந்து பூசினார்கள். பெருமாயி பூசிய பக்கம் கொஞ்சம் கறுத்துவிட்டது. கடையில் விற்கிற மேஜை மாதிரி மினுமினுப்பெல்லாம் வரவில்லை. விரிசல் அடைத்த இடம் கோடாகத் தெரிந்தது. சரிதா அதற்கு மேல் எதையும் மறைக்கப் போகவில்லை.

விவாகரத்துக்கு அவளே வழக்குப் போட்டாள். நாமக்கல் கோர்ட்டில் அது நடந்துகொண்டிருக்கிறது. முதல் வாய்தாவுக்கு ஆனந்தகுமார் வரவில்லை. அடுத்ததற்கு வந்தான். நீதிபதி கேட்டதற்கு நன்றாகத்தான் பதில் சொன்னான். மணிமாறன் இன்னும் அவளுக்குப் போன் செய்வதில்லை. சந்திரசேகர் அக்ரிமெண்டைப் புதுப்பித்தார், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் பழைய பெஞ்சு ஒன்றும் சேர்ந்தன. விடுமுறை நாட்களில் அபிநயாவும், லேபில் வேலை செய்யும் மற்றப் பெண்களும் டிபன் பாக்ஸோடு வந்துவிடுகிறார்கள்.

பெருமாயி மாதத்துக்கு ஒருமுறை வருகிறாள். மேஜையில் சாப்பிட மட்டும் அவள் முதலில் ஒப்பவில்லை.

"நீ சாப்புடு. நான் பொறவு கீழ உக்காந்து சாப்பிட்டுக்கறேன்."

"நீங்க உக்காந்தாத்தான் நான் சோத்தையே போடுவேனுங்கம்மா."

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். காலைத் தொங்கவிடத் தெரியாமல் நாற்காலி மேலேயே மடக்கிக்கொண்டாள். முருங்கைக்காய்க் குழம்பை ஊற்றிப் பிசைந்து முதல் வாய் வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. மணிமாறன். எங்கே போனாள் என்று தேடுகிறான் போல. பெருமாயி இடது கையால் போனை எடுத்தாள்.

"சரிதா ஊட்டுல இருக்கறேன்" என்றாள். மறுபக்கம் குரல் உயர்வது சரிதாவுக்கும் கேட்டது. "சாப்பிட்டுக்கிட்டு இருக்கறேன்டா. முடிச்சுட்டு, கொஞ்ச நேரம் படுத்து எந்திரிச்சு, பொறவுதான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள்.