கையைப் பார்க்க வந்தவர்

கஹவத்தை பஸ் நிலையத்துக்கு எதிரே ஹுஸைன் நடத்திய கம்ப்யூட்டர் கடையில் சுமித்ரா தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தது 2006இல். அப்பா அழகமுத்து, தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுபவர். கடையின் பின்னறையில் இளைஞர்கள் கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவார்கள். ஒருநாள் ஆள் குறைந்ததால் அவளை உட்காரவைத்தார்கள். மூன்று மாதத்தில் அவளைச் சுட்டு வீழ்த்த அங்கே யாருமில்லை.

அடுத்த வருஷம் இரத்தினபுரியில் போட்டி வந்தது. ஐந்து பேர் கொண்ட அணியில் அவளும் போனாள். மண்டபத்தில் வேறு பெண்ணே இல்லை. ஏற்பாட்டாளர் அவளைப் பார்த்து, பரிசுத் தட்டு ஏந்துகிறவர்கள் மேடைப் பக்கம் போகலாம் என்று சிங்களத்தில் சொன்னார். விளையாட வந்தேன் என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். சிலர் சிரித்தார்கள்.

முதல் சுற்றில் எதிரணியின் நான்கு பேரை அவள் தனியாகவே வீழ்த்தினாள். தோற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்குப் பதிலாக வேறு யாரோ விளையாடியிருக்க வேண்டுமாம். மறுபடி விளையாடு என்றார் ஏற்பாட்டாளர். அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற ஒன்பது பேர் கையை யாரும் பார்க்கவில்லை. அவள் சுட்டவை எல்லாம் தவறின. அணி தோற்று வெளியேறியது.

திரும்பும் பஸ் பெல்மதுளை தாண்டிய பிறகு, அணித் தலைவன் நிரஞ்சன் அவளிடம் சொன்னான்.

"ஒன்னய கூட்டிக்கிட்டுப் போயிருக்கக் கூடாது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சந்தேகப்பட்டவர்கள் மீது வராத கோபம் அவன் மீது வந்தது. அவள் குறி தவறாமல் சுடுவதை அவன் தினமும் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

2008 போட்டிக்குப் பெயர்ப் பட்டியலை அவளையே தட்டச்சு செய்யச் சொன்னார் ஹுஸைன். அதில் அவள் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டாள்.

"புள்ள, வீண் பிரச்சினை வேணாம். நீங்க அவங்களுக்குப் பழக்கிக் குடுங்க, அது போதும்."

"நான் போறதா இருந்தா பழக்கிக் குடுக்கிறேங்க மொதலாளி. இல்லாட்டி என்னால முடியாது."

ஹுஸைன் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் பின்னறைப் பக்கம் அவள் அதன்பிறகு போகவும் இல்லை. சத்தம் மட்டும் கேட்கும். யார் எங்கே தவறு விடுகிறார்கள் என்பது அந்தச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

அந்த அணி இரண்டாமிடம் வந்தது. கடைச் சுவரில் மாட்ட அவர்களுடைய படத்தை லேமினேட் செய்யச் சொல்லி நிரஞ்சன் அவளிடம்தான் கொடுத்தான். ஒரு குமிழிகூட விழாமல் செய்து கொடுத்தாள். பிறகு, வரிசையில் நின்றவரின் விண்ணப்பத்தை வாங்கித் தட்ட ஆரம்பித்தாள்.