சூரன் ஒத்துக்கொண்ட வருஷம்

எனக்குப் பத்து வயது நடந்தபோது தெருவில் எல்லாப் பிள்ளைகளும் வீரன் கட்சி. நான் மட்டும் அரக்கன் கட்சி. புராணத்து அரக்கன் இல்லை, படக்கதைப் புத்தகத்து அரக்கன். பெயர் கருந்தழலன். நெற்றியில் இரண்டு வளைந்த கொம்புகள், முதுகில் கிழிந்த குடையைப் போன்ற சிறகுகள், தாடி இருக்க வேண்டிய இடத்தில் எரிகிற கறுப்பு நெருப்பு. பாதாளத்தின் வாசலில் ஒரு கோட்டை கட்டிக்கொண்டு தனியாக இருப்பான். ஒவ்வொரு இதழிலும் ஏதாவது ஒரு நகரத்துக்குப் பறந்து வந்து, அங்குள்ளவர்களின் நிழல்களை எல்லாம் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிக்கொண்டு போய்விடுவான். நிழல் போனவர்களுக்குத் தூக்கம் வராது. கடைசிப் பக்கத்தில் மின்னல் நிற உடை போட்ட வீரன் ஒருவன் வந்து அவனைக் குத்திப் பள்ளத்தில் தள்ளுவான். அடுத்த இதழில் கருந்தழலன், ஒரு கொம்பு உடைந்து, சிறகு கருகி, மறுபடி வந்து நிற்பான்.

அப்படி எழுந்து வருகிறானே, அதற்காகவே அவனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். வீரன் ஒரு தடவைகூட விழுந்து நான் பார்த்ததில்லை. விழாதவனோடு நமக்கு என்ன பேச்சு?

புத்தகங்களைக் கொண்டுவருபவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. பட்டுக்குச் சாயம் போடுகிற வேலை அவருக்கு. ஒரு நாள் மஞ்சள் கை, ஒரு நாள் பச்சைக் கை. சிவப்புச் சாயம் போட்ட நாளில் முழங்கை வரைக்கும் கருந்தழலனின் கை. வாலாஜாபாத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் அந்த இதழ்களைத் தேடிப் பிடிப்பார். எந்த இதழும் முழுசாக இருக்காது, முன்னாலோ பின்னாலோ கிழிந்திருக்கும். போன பக்கங்களை மாமா சொந்தமாகச் சொல்லி நிரப்புவார். சாயப் பட்டறையில் கொப்பரையிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருக்கும். கொதிக்கிற சாயத்தில் பட்டு நூலை முக்கி முக்கி எடுத்தபடியே அவர் கதை சொல்லும்போது, அந்த ஆவிக்குள் முதலில் ஒரு கொம்பும் பிறகு ஒரு சிறகும் முளைப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது பொய் என்று இன்றைக்கும் சத்தியம் செய்ய மாட்டேன்.

"அவன் ஏன் மாமா எல்லார் நிழலையும் எடுத்துக்கினு போறான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவன் ஊட்டுக்கு ஒருத்தரும் வர்றதில்லையே பாப்பா. நிழலாவது கூட இருக்கட்டும்னுதான்."

பிள்ளையார்பாளையத்தில் தறி போடுகிற எங்கள் ஆட்கள், முருகனின் படைத்தலைவர்களான நவவீரர்களின் வழியில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வோம். கந்த சஷ்டி ஆறாம் நாள் நடக்கும் சூரசம்ஹாரத்தில் ஒன்பது வீட்டு ஆண்கள் விரதமிருந்து அந்த வீரர்களின் வேஷம் கட்டுவார்கள். அவர்களில் மூத்தவனான வீரபாகு எங்கள் வீட்டு முறை. ஆக, எங்கள் வீட்டிலேயே ஒரு வீரர் இருந்தார். காலையில் தறிக்குழியில் காலை விட்டால் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை எழுந்திருக்காத வீரர். பேச்சும் குறைவு. அப்பாவை மின்னல் நிற உடையில் நினைத்துப் பார்க்க எனக்கு வரவே இல்லை.

சூரன் வேஷத்துக்கு மட்டும் முறை என்று எதுவும் கிடையாது. அதற்கு யார் ஆசைப்படுவார்கள்? கல்யாணம் ஆகாத ஆள், கேட்க நாதியில்லை என்று மாமாவைப் பிடித்துப் போட்டார்கள். அவரோ பாயசம் கிடைத்ததுபோல் ஏற்றுக்கொண்டார். கருந்தழலனின் சிரிப்பை எடுத்துச் சூரனுக்குக் கொடுத்தார். அவர் சிரித்தால் இடுப்புக் குழந்தைகள் வீறிடும், நான் பெருமையில் நிமிர்ந்து நிற்பேன்.

சண்டைக்கு முன் தூது என்று ஒரு கட்டம் உண்டு. வீரபாகு ஆயுதமில்லாமல் சூரன் முன்னால் போய், சிறையில் வைத்திருக்கும் தேவர்களை விட்டுவிடு என்று கேட்க வேண்டும். சூரன் சிரித்து, மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் முருகன் போருக்குப் புறப்படுவார். இருவரும் மைக்கில் பேசுவது தெருக்கோடி வரை கேட்கும்.

அந்த வருஷம் ஆவணியில் என் தம்பிக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும் என்பது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விடிகாலையில் தென்னேரிக்குப் போய் ஒரு வயதான அத்தையை அழைத்துவருகிறேன் என்று கிளம்பிய மாமா வந்து சேரவில்லை. போனும் எடுக்கவில்லை. காது குத்த வந்த பத்தர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல நேரம் போகிறது என்றார். அப்பாவுக்கு நல்ல நேரம் என்றால் அது நல்ல நேரம்தான், தறியில் புதுப் பாவு ஏற்றுவதற்கே நாள் பார்ப்பவர். கொஞ்சம் பொறுங்களேன் என்று அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். அப்பா தன் பங்காளி ஒருவரை உட்காரச் சொல்லி, அவர் மடியில் தம்பியை வைத்துக் குத்தச் சொல்லிவிட்டார்.

மாமா சீர்த்தட்டோடு வாசலில் நுழைந்தபோது தம்பி வேறொரு மடியில் உட்கார்ந்து அலறிக்கொண்டிருந்தான். சட்டை முழுக்க வியர்வையோடு மாமா ஒரு நிமிஷம் நின்றார். தட்டை ஓரமாக வைத்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்.

அதோடு பேச்சு நின்றது. வரக் கூடாது என்று அப்பா சொல்லவில்லை. ஆனால் மாமாவின் பேச்சை எடுத்தால் தறிச் சத்தம் வேகமாகும். இரண்டு தெரு தள்ளியிருந்த மாமா வீட்டுக்குப் போகத் துணியாமல், அம்மா அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பை வைக்கும்போதெல்லாம் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைப்பாள். பிறகு அதைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிடுவாள். தீபாவளிக்கும் மாமா வரவில்லை. அன்று அம்மா அடுப்படியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எண்ணெய்ப் புகை என்றாள். அடுப்பில் எண்ணெயே இல்லை.

எனக்கு என் கவலை. கருந்தழலன் பாதியில் நின்றுபோயிருந்தான். கடைசியாக வந்த இதழில் வீரன் தன் ஆயுதங்களை எல்லாம் கழற்றி வைத்துவிட்டுப் பாதாளத்துக் கோட்டையின் கதவைத் தட்டுகிறான். கதவு மெல்லத் திறக்கிறது. தொடரும். அந்தக் கதவு என் கனவில் வரும். சில நாள் அது எங்கள் வீட்டுக் கதவாக இருக்கும், வெளியே நிற்பது யார் என்று பார்ப்பதற்குள் விழித்துக்கொள்வேன்.

சஷ்டி தொடங்கியதும் தெருவில் வேறு பேச்சில்லை. பேசாத மச்சினனும் மாமனும் தூதில் எப்படிப் பேசுவார்கள்? சூரனை மாற்றிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். மாற்று சூரன் யார் என்று கேட்டதும் அவர்களே நழுவிக்கொண்டார்கள். அப்பா பாலும் பழமுமாக இருந்து கன்னம் ஒட்டிப் போனார். ஆறாம் நாள் அவருக்கு இடுப்புக் கச்சை கட்டிவிடும்போது அம்மாவின் விரல்கள் முடிச்சை இரண்டு தரம் தவறவிட்டன. அப்பாவும் குனிந்து அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் லேசாகத் தூறி ஓய்ந்திருந்தது. ஈரத் தெருவில் குழல்விளக்குகள் தலைகீழாக மிதந்தன. சாம்பிராணிப் புகை முழங்கால் உயரத்துக்கு நின்றதால் மனிதர்கள் நடப்பது மேகத்தில் நடப்பதுபோல் இருந்தது. புகையின் அந்தக் கோடியில் சூரன் நின்றான். மரத்தில் செய்த பெரிய தலையை மாமா நெற்றிக்கு மேலே கட்டியிருந்தார், அதன் கீழே சிவப்புப் பூசிய அவருடைய சொந்த முகம். மேளம் நின்றது. அப்பா வாளைக் கழற்றிப் பக்கத்து வீரரிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு புகைக்குள் நடந்தார். வராமல் போன அடுத்த இதழ் என் தெருவிலேயே வந்து திறந்துகொண்டிருந்தது. அம்மாவை இழுத்துக்கொண்டு பெண்கள் வரிசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சூரனே, வேலவன் அனுப்பி வந்தேன். அடைத்து வைத்த தேவர்களை விடுவிப்பாயா?" அப்பாவின் குரல் மைக்கில் கரகரத்தது.

மாமா சிரிக்க வேண்டும். சிரிக்கவில்லை. அப்பாவின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தெரு முழுக்கக் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் எல்லாம் சூரனின் பதில் கேட்டது.

"சரி மாமா. வுட்டுடறேன்."

அக்காள் புருஷனை அவர் மாமா என்றுதான் எப்போதும் கூப்பிடுவார். சூரன் கூப்பிட்டு ஊர் கேட்டது அதுதான் முதல் தடவை. கூட்டத்தில் யாரோ சிரித்து, அப்புறம் அடங்கினார்கள். விழாவை நடத்துகிற பெரியதனக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னாடா பண்றே? மறுக்கணும்டா. நீ ஒத்துக்கினா சாமி யாரை சம்ஹாரம் பண்ணும்?"

மாமா அவர் பக்கம் திரும்பவே இல்லை. பெரியதனக்காரர் அப்பாவிடம் போனார். "நேரம் போவுதுபா. நல்ல நேரத்துல வேல் வாங்கணும். நீ மறுபடி கேளு."

"போவட்டும்," என்றார் அப்பா.

என் காதையே நான் நம்பவில்லை. பக்கத்தில் அம்மாவின் கை என் தோளில் இறுகியது. அப்பா மைக்கை உள்ளங்கையால் மூடினார். ஆனாலும் நாங்கள் நின்ற இடத்துக்குக் கேட்டது.

"அன்னிக்கி நான் கொஞ்ச நேரம் பாத்துருக்கணும்பா."

"வண்டி நின்னுபோச்சி மாமா. அத்தைய அவங்க ஊருக்கே திருப்பி பஸ் ஏத்தி உட்டுட்டு நான் தள்ளிக்கினே வந்தேன்."

அப்பா ஒரு அடி கிட்டப் போனார். "ஊட்டுக்கு வா. இன்னிக்கே வா. இலை போடச் சொல்றேன்."

மாமா தலையாட்டினார். அவர் ஆட்ட, மேலே இருந்த மரத் தலையும் சேர்ந்து மெதுவாக ஆடியது. கோரைப்பல்லும் உருட்டு விழியுமாக அத்தனை பெரிய அரக்கன் பள்ளிக்கூடப் பையன்போலத் தலையாட்டியதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கதவு திறந்துவிட்டது, இனி கருந்தழலன் யாருடைய நிழலையும் எடுக்க வேண்டியதில்லை, கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

கதை எங்கே முடிந்தது? அப்பா மைக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்டார். மாமா இந்தத் தடவை சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை அந்தத் தெரு அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. மாட்டேன் என்றார். மேளம் முழங்கியது. ஒன்பது வீரர்களும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒத்துக்கொண்டவனை மறுபடி வம்புக்கு இழுத்து அடிப்பது எந்த ஊர் நியாயம்? "அவருதான் ஒத்துக்கினாரே, எதுக்கு அடிக்கிறீங்க?" என்று அழுதுகொண்டே கத்தினேன். பக்கத்துப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குள் வேல் வந்துவிட்டது. மரத் தலையைக் கழற்றி எடுத்தார்கள், மாமா ஈரத் தெருவில் பூக்களின் மேல் மல்லாந்து விழுந்தார். அரோகரா என்று ஊரே முழங்கியது.

எல்லாரும் முருகன் எழுந்தருளியிருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள். அம்மாவும் கைகுவித்தாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் அவள் நின்றது சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எதிர்ப்பக்கத்தில், கீழே கிடந்த மாமாவுக்குக் கைகொடுத்துத் தூக்கி, முதுகில் ஒட்டிய பூக்களைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார் அப்பா. கூட்டத்தில் அம்மாவுக்குத் திசை தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"சாமி அந்தப் பக்கம்மா."

"பாத்துக்கினுதான்டி இருக்கறேன்," என்றாள் அம்மா.

சொன்னாளே தவிர, கடைசிவரை திரும்பவில்லை. சாமி கோபித்துக்கொள்ளப் போகிறதே என்று, அவளுக்கும் சேர்த்து நான்தான் சரியான பக்கம் பார்த்து இரண்டு தரம் கும்பிட்டு வைத்தேன்.