சாந்தம்மாள் சாயம் பூசிய மான்

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் மாடுகளுக்குக் கொம்பு சீவுகிறவர் ராஜாக்கண்ணு. சீவிய கொம்புக்குச் சாயம் பூசுகிறவள் அவர் மனைவி சாந்தம்மாள். மனிதர் யார் செத்தாலும் கண் கலங்காதவள். ஒரு கன்று நொண்டினால் போதும், அன்று அந்த வீட்டில் உலை ஏறாது. இதைச் சொல்லி நாங்கள் கிண்டல் செய்யாத நாளில்லை. அவள் காதில் போட்டுக்கொண்டதும் இல்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு முந்தின நாள், அவர்கள் ஆட்டுப்பட்டியின் மூங்கில் படலில் ஒரு காட்டு மான் சிக்கிக் கிடந்தது. வெள்ளாட்டைவிடப் பெரிதில்லை. நாலு கொம்பு மான்: முன்னால் இரண்டு குட்டை, பின்னால் இரண்டு நீளம். இதற்கு மட்டும் பின்கொம்பு ஒன்று நேராக வளராமல் முன்பக்கம் வளைந்து, கண்ணைத் தொடுகிற மாதிரி வந்திருந்தது. அந்த வளைவுதான் படலில் மாட்டியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் வளந்தா கண்ணு போய்டும்யா. சீவி வுடு," என்றாள் சாந்தம்மாள்.

"இது ஒதைச்சு நான் படுத்துட்டா, நீயா கஞ்சி ஊத்துவ?"

"இப்ப மட்டும் வேற யாரு ஊத்தறாங்களாம்?"

ராஜாக்கண்ணு ரம்பத்தை எடுத்தார். அவள் மானின் கால்களைக் கட்டி, கண்ணில் துணியைப் போட்டு, மேலே சாய்ந்து அழுத்திக்கொண்டாள். வளைந்த நுனி விழுந்தது. ரத்தம் வரவில்லை. அவர் ரம்பத்தை உள்ளே வைத்துவிட்டுத் திரும்புவதற்குள், கைப்பழக்கத்தில் அவள் நாலு கொம்புக்கும் சிவப்பு பெயிண்ட் அடித்து, கால்கட்டையும் கண்துணியையும் அவிழ்த்துவிட்டாள். மான் ஒரே ஓட்டமாக மேட்டில் ஏறி மறைந்தது.

"அடிப்பாவி! அந்த மலையிலேர்ந்து பாத்தாக்கூடத் தெரியுமே. தாண்டவராயனுக்கு நீயே அடையாளம் வெச்சு அனுப்பிட்ட!"

தாண்டவராயன் பக்கத்து வீட்டுக்காரன். நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தான், குறியும் தப்பாது. சாந்தம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. காப்பாற்றிய கையாலேயே கொன்றுவிட்டோமே என்று அழுதாள். பொங்கலை அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. காட்டில் வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடி வந்து நின்றாள்.

மாசியில் ஒருநாள் தாண்டவராயன் முகம் வெளுத்து வந்தான்.

"யக்கா, ஓடையாண்ட ஒரு மானுக்குக் குறி வெச்சேன். பாத்தா நாலு கொம்பும் செவப்பு! யாரோ காளியம்மனுக்கு நேர்ந்து வுட்டது போல. துப்பாக்கியக் கீழ போட்டுக் கும்புட்டேன். சுட்டிருந்தா ஆத்தா என்ன வுட்ருப்பாளா?"

"கண்ணு நல்லா இருந்துச்சா?"

"யாரு கண்ணு?"

"மானுக்குத்தான்."

"ரெண்டு கண்ணாலயும் என்ன மொறைச்சுச்சு யக்கா."

சாந்தம்மாள் அவனை உட்காரவைத்து வயிறு நிறையச் சாமைச் சோறு போட்டாள். அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை.

அடுத்த பொங்கலுக்குத் தாண்டவராயன் மறுபடி வந்து நின்றான்.

"சாயம் வெளுத்துப் போச்சு யக்கா. தெரியாம எவனாவது சுட்டுடப் போறான். கொஞ்சம் பூசி வுடேன்."

"புடிச்சாந்தா பூசிட்றேன்."

துப்பாக்கியை வீட்டில் போட்டுவிட்டு, வெறும் கயிற்றோடு அந்தப் பொங்கல் முழுக்க அவன் காட்டில் அலைந்தான்.