ஆறாவது ஆள்

எங்கள் வீட்டு மணியைத் தமிழர்கள் அடித்தால் ஒரு விதம், டேனிஷ்காரர் அடித்தால் இன்னொரு விதம். தமிழர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மூன்று தரம் அமுக்குவார்கள். டேனிஷ்காரர் மூன்று கிழமைக்கு முன்பே திகதி பேசி, வந்து ஒரே ஒரு தரம் அமுக்குவார்கள். ஆகவே அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம், யாரும் வருவதாக இல்லாத நேரத்தில் மணி ஒரே ஒரு தரம் அடித்ததும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. கதவுத் துளையால் பார்த்தார். வெள்ளைக்காரி, தனியாக, கையில் பெரிய கடித உறை.

"கொம்யூனிலை இருந்து ஆரோ வந்திருக்கினம்," என்றார் மெல்ல. நகரசபைக்கு நாங்கள் ஒரு குற்றமும் செய்ததில்லை. ஆனாலும் கடித உறையைக் கண்டால் அப்பா தானாகக் கதவைத் திறக்கமாட்டார். "பிள்ளை, கதவைத் திற. சப்பாத்தைக் கழட்டினாளெண்டால் கொம்யூன் இல்லை."

கழட்டினார். ஒரு காலுறையில் ஓட்டைகூட இருந்தது. அப்பாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. டென்மார்க்கில் வைலே நகருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊரின் வரலாற்றுக் காப்பகத்தில் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறாராம். சம்பளம் இல்லாமல் ஒருத்தி வீடு வீடாக ஏறி இறங்குகிறாள் என்றதும் அப்பாவின் சந்தேகம் திரும்பி வந்து குந்திக்கொண்டது. ஊரின் கதையை அங்கே வாழ்ந்த ஆட்களையும் அவர்கள் புழங்கிய பொருட்களையும் வைத்துச் சொல்லும் கண்காட்சி, அடுத்த மாதம் நூலகத்தில். மூடிப்போன பாற்பண்ணையின் வாளி, புகையிரத நிலைய மணிக்கூடு, கடைசியாகச் சப்பாத்துத் தைத்தவரின் சுத்தியல் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. ஒரு படத்தில் மட்டும் ஓர் ஆளின் பெயர் கிடைக்கவில்லை.

இவ்வளவையும் நான்தான் மொழிபெயர்த்தேன். அப்பாவுக்கு டேனிஷ் நன்றாகத் தெரியும். சந்தேகம் வந்தால் மறந்துவிடும்.

ஆசிரியை படத்தை மேசையில் வைத்தார். வெள்ளை மேலங்கியும் தொப்பியும் போட்ட ஆறு ஆண்கள் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். எல்லாருடைய இடது கையிலும் இரும்பு வளையங்களால் பின்னிய கையுறை. பின்னால் கொளுக்கிகளில் பாதிப் பாதியாகப் பன்றிகள். ஊர் ஓரத்தில் இருந்த, முந்திய வருடம் மூடிப்போன இறைச்சி ஆலை அது. படத்தைத் திருப்பிக் காட்டினார். ஐந்து பெயர்கள் பென்சிலில். ஆறாவது இடத்தில் ஒரு கேள்விக்குறி.

ஆறாவது ஆளுக்கு என் அப்பாவின் மீசை.

"அது நானில்லை எண்டு சொல்லு," என்றார் அப்பா.

சொன்னேன். ஆசிரியை படத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். சும்மா சொல்லக்கூடாது, டேனிஷ்காரர் வாயால் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அந்த நேரம் பார்த்து அம்மா தேத்தண்ணியும் உழுந்து வடையும் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வராது. தட்டு வைக்க இடம் வேண்டி, படத்தை இரண்டு விரலால் தள்ளிவிட்டார். "ஆற முதல் குடிக்கச் சொல்லு," என்றார்.

அப்பா முன்பு வேலை செய்தது பெட்டித் தொழிற்சாலையில் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். காகிதப் பெட்டி மடிக்கிற வேலை. ஏன் பொய் சொன்னார் என்பது ஒன்பது வயதிலேயே எனக்கு விளங்கியது. கோயில் திருவிழாவில் சாமி தூக்கும்போது முன்பக்கம் அப்பாவின் தோள். பன்றி வெட்டின கை சாமி தூக்கலாமா என்று ஒரு வாய் கேட்டால் போதும், கதை யாழ்ப்பாணம் வரைக்கும் நாறும். அந்த வாயும் மூன்று தெரு தள்ளித்தான் இருந்தது. அப்பாவின் அக்கா, என் மாமி. இனிப்புத் தந்து மடியில் இருத்தி, எங்கள் வீட்டு விஷயம் முழுவதையும் என்னிடமிருந்து கறந்துவிடுவார்.

கண்காட்சி தொடங்கிய அன்றே பள்ளிக்கூடம் விட்டதும் நூலகத்துக்கு ஓடினேன். படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஓர் இரும்புக் கையுறையும், இருமல் இனிப்பு வருகிற சின்னத் தகரடப்பாவும். ஆலையை மூடியபோது ஓர் அலமாரியில் யாரோ விட்டுப்போனவையாம். டப்பாவின் பக்கத்தில் எழுதியிருந்தார்கள்: சாம்பல் நிறத் தூள், எதற்கென்று தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. அதே டப்பாக்களைக் கழுவி வைத்துத்தான் அம்மா சாமித்தட்டில் திருநீறு போடுவார். ஆக, அம்மாவின் தட்டிலிருந்து அப்பா களவாக எடுத்துப் போயிருக்கிறார். எனக்கு அப்பாவில் கோபம் கோபமாக வந்தது. அந்த நாட்களில் அவர் வேலையால் வந்ததும் யாரையும் தொடாமல் நேரே குளியலறைக்குப் போவார். வாசலிலேயே துவாயும் சாறமும் மடித்து வைத்திருக்கும். அவருடைய உடுப்பை மட்டும் அம்மா வேறாகச் சுடுதண்ணியில் இரண்டு தரம் தோய்ப்பார். "பெட்டித் தூசு," என்று சொல்லுவார். பாவம் அம்மா, அதையும் நம்பிவிட்டார் என்று எனக்கு அழுகையே வந்தது.

அன்று தொடக்கம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அப்பாவைக் கவனித்தேன். அவர் சட்டைப் பையையெல்லாம் தடவிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை, ஒன்றும் இல்லாததே பெரிய சந்தேகமாக இருந்தது.

அடுத்த கிழமை மாமி நூலகத்திலிருந்து நேரே வந்தார். இருக்கவும் இல்லை. "பிப்லியோடெக்கிலை ஒரு படம் மாட்டியிருக்கினம். தம்பியை உரிச்சு வைச்ச மாதிரி ஒருத்தன் பண்டியளுக்கு நடுவிலை நிக்கிறான்."

அப்பாவின் கையில் இருந்த பேப்பர் அசையாமல் நின்றது. அம்மா வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை.

"நானும் பாத்தனான் மச்சாள். இவரிலும் பாக்க வடிவான ஆள்," என்றார்.

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதை அதோடு முடிந்தது. அந்த வருடமும் அப்பாதான் சாமி தூக்கினார். அம்மாவுக்குக் கண் பழுதாகிவிட்டதோ என்று நான் கவலைப்பட்டேன்.

ஆனால் கண்காட்சி முடிந்து இரண்டு நாளில், ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மா வடை சுட்டார். செவ்வாயில் வடையா? நல்ல சேலை உடுத்து, மேலே குளிர் கோட்டைப் போட்டு, வடையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு தனியாக பஸ் ஏறினார். அம்மா எந்த அலுவலகத்துக்கும் தனியாகப் போனதில்லை. நான் கூடப் போகவேண்டும். கணவரின் பெயர் என்ன என்று கேட்டால் என்னைத்தான் பார்ப்பார், நான்தான் சொல்லுவேன். அப்பாவை அவர் கூப்பிடுவது "இஞ்சாருங்கோ" மட்டும். பெயர் அவர் வாயில் வராது.

வெறும் பெட்டியோடு திரும்பி வந்தார்.

"எங்கை போனீங்கள்?"

"சும்மா, காத்து வாங்க."

மாசி மாதத்து டென்மார்க்கில் யார் காற்று வாங்குவார்கள்? இப்போது அம்மாவும் எதையோ ஒளிக்கிறார் என்று நினைத்தேன். ஒளித்தார்தான்.

போன வருடம் அப்பா காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கும் நினைவு மலருக்கு அவருடைய இளவயதுப் படம் ஒன்றும் வீட்டில் இல்லை. காப்பகத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்த இளைஞர் ஓர் உறையை எடுத்துத் தந்தார். படத்தைத் திருப்பினேன். ஐந்து பெயர்கள் பென்சிலில். கேள்விக்குறியை வெட்டிவிட்டு, நீலப் பேனாவால், தமிழில், அப்பாவின் முழுப் பெயர். அதற்குக் கீழே கோணல் டேனிஷ் எழுத்தில், என் கணவர்.

டப்பாவுக்கான அட்டையிலும் பழைய வரியை வெட்டி மாற்றி எழுதியிருந்ததை அந்த இளைஞர் எனக்கு வாசித்துக் காட்டினார். புனிதச் சாம்பல், மனைவி ஒவ்வொரு திங்கட்கிழமையும் நிரப்பிக் கொடுத்தது.

ஆக, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. "அது நானில்லை" என்று அப்பா சொன்னது அந்த ஆசிரியைக்கு இல்லை. மாமியின் இனிப்புக்கு வாய் திறக்கிற எனக்கு. நான் அம்மாவுக்காக அழுதுகொண்டிருக்க, படம் சுவரிலிருந்து இறங்கும்வரைக்கும் அம்மா பொறுத்திருந்து, பெயரைச் சொல்லிக்கொடுக்க நானும் கூட இல்லாமல், தன் கையாலேயே எழுதிவிட்டு வந்திருக்கிறார். நானோ அந்த வெறும் வடைப் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.