தகப்பன் பெயரில்லாதவள்

நாங்கள் குடியேறிய டார்னெய்ட் புறநகரில் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. இங்கிலாந்தில் தான் பிறந்த சின்ன ஊரின் சரித்திரத்தைப் பத்து வருடமாக எழுதிக்கொண்டிருந்தார். சந்தை எந்தக் கிழமை கூடியது, தேவாலய மணியை யார் அடித்தார் எல்லாம் அதில் உண்டு. என் சொந்தத் தெருவைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னால் நான் முழிப்பேன். அந்த மனிதரின் பொறுமை எனக்குப் பெரிய மலைப்பு.

புத்தகம் ஓர் ஆளில் தடக்கி நின்றது. அவருடைய அப்பப்பாவைப் பெற்றவள். தகப்பன் பெயர் இல்லாமல் ஞானஸ்நானம் பெற்றவள். பெற்ற பிள்ளையைத் தன் அத்தையிடம் விட்டுவிட்டுக் காணாமல் போனாள். எங்கே புதைத்தார்கள் என்று தெரியவில்லை. குளிர்காலம் முடிந்ததும் அவர் அந்த ஊருக்குப் போக இருந்தார். இருதயக் கோளாறு, இதுதான் கடைசிப் பயணம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவளைப் புதைத்த இடத்தில் ஒருதரம் நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை.

தேவாலயப் பதிவேடுகளைப் படம்பிடித்து வைத்திருந்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க நான் அவற்றை வரிவரியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

"உமக்கு வேற வேலையில்லையே? ஆரோ வெள்ளைக்காரற்ர செத்தவீட்டு லிஸ்ட்" என்று என் கணவர் நக்கலடித்தார்.

வேலை முடிந்து அச்சடித்துக் கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே அவர் முகம் சுருங்கியது. குடும்பப் பெயர் வரிசை கேட்டிருந்தார். எங்கள் பள்ளிக்கூட வரவு இடாப்பில் பிள்ளையின் சொந்தப் பெயர்தான் வரிசை. தகப்பன் பெயர் வெறும் இனிஷல். கை பழகியபடியே நானும் செய்துவிட்டேன். குடும்பங்கள் எல்லாம் சிதறிக் கிடந்தன. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

தாள்களைப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்றார். அந்த ஊரில் வேறு எவருக்கும் இல்லாத அவளுடைய சொந்தப் பெயர், அடுத்தடுத்து மூன்று வரியில். குடும்பப் பெயர் வரிசையில் அவை மூன்று பக்கங்களில் கிடந்திருக்கும். ஞானஸ்நானத்தில் தாயின் குடும்பப் பெயர். கல்யாணத்தில் தாயைப் பிறகு மணந்தவரின் குடும்பப் பெயர். சாட்சியாக அந்த அத்தையே கையெழுத்துக்குப் பதில் சிலுவை கீறியிருந்தாள். அடக்கத்தில் புருஷனின் பெயர், பக்கத்தில் வடக்கு மதிலோரம் என்ற குறிப்பு. வயதும் பொருந்தியது. அவள் ஊரை விட்டுப் போகவே இல்லை.

அடுத்த மாதம் தேவாலயத்திலிருந்து என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ஏழைகளைப் புதைத்த வடக்கு மதிலோரம் நின்றார். கல் எதுவும் இல்லை, புல்தான் என்றார். அழுதார்.

"சின்ன வயதில் தினமும் இந்த மதிலில் ஏறி இருந்துதான் சாப்பிடுவேன்" என்றார். "யாரும் எனக்குச் சொல்லவில்லை."